குரோமில் ஓடுகிற டுசோர்ட்டட்டை டைப்ஸ்கிரிப்ட் ஏன் மறிக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். திருநெல்வேலிச் சந்தையின் மரக்கறி விலைகளைக் காட்டும் சின்ன இணையச் செயலி ஒன்றை டைப்ஸ்கிரிப்டில் (ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சோதனையும் சேர்ந்த மொழி) செய்கிறேன். விலைகள் என்ற அரேயில், மூலத்தை மாற்றாமல் வரிசைப்படுத்திய பிரதியைத் தரும் டுசோர்ட்டட் மெதட்டை எழுதினால் பிழை வருகிறது. அதே வரி குரோம் கன்சோலில் ஓடுகிறது. இப்போதைக்கு ‘ஆஸ் எனி’ (எந்த வகையாகவும் எடுத்துக்கொள் என்ற குறிப்பு) போட்டுச் சமாளித்திருக்கிறேன். சரியான வழி என்ன?

பதில்: முதலில் அந்த ‘ஆஸ் எனி’யை எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரைக்கும் அந்த வரியில் அரேயின் மெதட்டைக் கொம்பைலர் (டைப்ஸ்கிரிப்டைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் நிரல்) சோதிக்காது. நாளைக்கு மெதட்டின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

டைப்ஸ்கிரிப்ட் உங்கள் குரோமைப் பார்ப்பதில்லை. எந்த ஆண்டின் ஜாவாஸ்கிரிப்டில் என்னென்ன உண்டு என்ற விவரக் கோப்புகள் அதனோடேயே வருகின்றன, அவற்றை மட்டுமே நம்பும். இன்க்ளூட்ஸ் 2016இல் வந்தது, ஃபிளாட் 2019இல், அட் 2022இல். ஃபைண்ட்லாஸ்ட், டுசோர்ட்டட், டுரிவர்ஸ்ட் எல்லாம் 2023. உங்கள் டார்கெட் (எந்த ஆண்டின் ஜாவாஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும் என்ற அமைப்பு) இஎஸ்2020, அதாவது 2020ஆம் ஆண்டினது, என்று இருந்தால், டுசோர்ட்டட் என்றொன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பிழைச் செய்தியை முடிவு வரை வடிவாக வாசியுங்கள். 2550 என்ற எண்ணோடு வந்தால், லிப்பை (எந்த விவரக் கோப்புகளை நம்ப வேண்டும் என்ற பட்டியலை) எந்த ஆண்டுக்கு மாற்ற வேண்டும் என்பதும் அதன் வால்பகுதியிலேயே இருக்கும்.

டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கில், கொம்பைலர் ஆப்ஷன்ஸுக்குள், லிப் என்ற வரியில் இஎஸ்2023, டொம் (இணையப் பக்கத்துக்கான விவரங்கள்) இரண்டையும் கொடுங்கள். டொம்மை மறக்க வேண்டாம்: லிப்பை நீங்களாக எழுதிய உடனே வழக்கமான பட்டியல் போய்விடும், அப்புறம் டாக்குமெண்ட் என்ற சொல்லுக்கே பிழை காட்டும். டைப்ஸ்கிரிப்டும் 5.2 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். டுசோர்ட்டட்டின் விவரம் அதில்தான் சேர்ந்தது.

டெர்மினலில் சரி, எடிட்டரில் மட்டும் சிவப்புக் கோடு என்றால், விஎஸ் கோட் தன்னோடு வந்த டைப்ஸ்கிரிப்டைப் பாவிக்கிறது. புரொஜெக்டில் உள்ள பதிப்பைத் தெரிவு செய்யுங்கள். டைப்ஸ்கிரிப்ட் 5 வரிசைப் பதிப்புகளில், கொம்பைலரை ஓடவிடும் கட்டளையான டிஎஸ்சிக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓடவிட்டால் டிஎஸ்கான்ஃபிக்கைத் திரும்பியும் பார்க்காது. வெறும் டிஎஸ்சி என்று ஓடவிடுங்கள்.

இவ்வளவும் கொம்பைலருக்குத்தான். செயலியைத் திறக்கப்போகிறவரின் ஃபோனில் இதனால் ஒன்றும் மாறாது. டார்கெட்டைக் குறைத்தால் புதிய இலக்கணத்தைப் பழைய இலக்கணமாக மாற்றித் தரும். ஆனால் இல்லாத மெதட்டை எழுதித் தராது. டுசோர்ட்டட்டுக்கு குரோம் 110, ஃபயர்ஃபாக்ஸ் 115, சஃபாரி 16, சேர்வர் பக்கம் என்றால் நோட் 20 வேண்டும். ஐஃபோன் 7 ஐஓஎஸ் 15உடன் நின்றுவிட்டது. அதை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறந்தால், டுசோர்ட்டட் ஒரு ஃபங்ஷனே இல்லை என்ற பிழையோடு அந்த வரியிலேயே நின்றுவிடும். கொம்பைலர் வாயே திறந்திருக்காது. ஆகவே லிப்பைத் தொடுமுன் சந்தையில் யார் என்ன ஃபோன் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பழைய ஃபோன்கள் இருந்தால், இல்லாத மெதட்களை எழுதித் தரும் கோர்-ஜேஎஸ் பொலிஃபில் சேர்க்கலாம். புதிய மெதட்கள் பலவற்றைப் பாவிக்கிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு ஒரே இடம்தானே, நானாக இருந்தால் அரேயைப் பிரதி எடுத்துப் பழைய சோர்ட்டையே போடுவேன்:

[...விலைகள்].சோர்ட்((அ, ஆ) => அ - ஆ)

மூல அரே குழம்பாது, லிப்பையும் மாற்றத் தேவையில்லை. அடைப்புக்குள் இருக்கும் கழித்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சோர்ட்டும் சரி, டுசோர்ட்டட்டும் சரி, எண்களை எழுத்தாக நினைத்து ஒப்பிடும்: 90, 280, 1200 என்று வரவேண்டியது 1200, 280, 90 என்று வரும். இதற்குக் கொம்பைலர் பிழை காட்டாது.