முதலில் ஸ்பிரிங், அப்புறம் பூஸ்ட் கன்ட்ரோலர்

கேள்வி: அண்ணே, அப்பச்சி ஓட்டிய பழைய ஆக்டேவியா 1.8 டர்போ இப்போது என் கையில். தினமும் காரைக்குடி–தேவகோட்டை, வருடத்துக்கு ரெண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை ஏற்ற மேனுவல் கன்ட்ரோலர் போதுமா, எலக்ட்ரானிக் வேண்டுமா?

பதில்: எதை வாங்கினாலும் சரி, முதலில் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குள் எத்தனை பார் (காற்றழுத்த அளவு) ஸ்பிரிங் இருக்கிறது என்று பாருங்கள். வேஸ்ட்கேட் என்பது டர்போவின் டர்பைனுக்குப் போகும் எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவு, அதை அசைக்கும் டப்பாதான் ஆக்சுவேட்டர். கன்ட்ரோலர் பூஸ்ட்டை அதற்கு மேலே ஏற்றும், கீழே இறக்கவே இறக்காது. 0.5 பார் ஸ்பிரிங்கில் 0.8, 0.9 வரை சுகமாகப் பிடிக்கலாம். அதே ஸ்பிரிங்கில் 1.3 கேட்டால் மேல் ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் அழுத்தமே வேஸ்ட்கேட் மூடியைத் தள்ளித் திறந்துவிடும், பூஸ்ட் சரியும். சரி, 1 பார் ஸ்பிரிங்கே போட்டுவிடலாமே என்றால், பங்குனி வெயிலில் சாதா பெட்ரோலை ஊற்றி மிதிக்கும்போதும் அதே 1 பார்தான் வரும், நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜினைத் தட்டும்.

உங்கள் காரில் கம்பெனியே வைத்த என்75 சொலினாய்டு (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு மேனுவல் வால்வு போட்டால் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்கும் பூஸ்ட் ஒன்று, வருவது ஒன்று என்று ஆகி இன்ஜின் விளக்கு எரியும். என் ஓட்டு எலக்ட்ரானிக்குக்குத்தான்: நல்ல மூன்று வழி சொலினாய்டு, கூடவே ரீமேப் (இசியுவின் புரோகிராமை மாற்றி எழுதுவது). ரோட்டுக்கு ஒரு மேப், டிராக்குக்கு ஒன்று, முதல் கியரில் டயர் சுழலாமல் குறைவான பூஸ்ட், இதெல்லாம் மேனுவலில் நடக்காது. சொலினாய்டின் ஒயர் அறுந்தால் பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்குத் தானே இறங்கும்படி ஹோஸ் மாட்டச் சொல்லுங்கள், இதை டியூனரிடம் வாய்விட்டே கேளுங்கள்.

கேள்வி: ஹோஸில் என்ன இருக்கிறது, எதுவாக இருந்தால் என்ன?

பதில்: ஆக்சுவேட்டருக்குப் போகும் அந்தப் பென்சில் தடிமன் ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் பாட்டுக்கு ஏறும். எனக்கே நடந்தது. கிளாம்பு போடச் சோம்பல்பட்டு, 'ரெண்டு நாளைக்குத்தானே' என்று விட்டேன். திருமயம் கோட்டை கண்ணில் படும் நேரத்தில் கேஜ் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஓடியது, காலை எடுப்பதற்குள் இசியு கட் அடித்து கார் முகத்தில் அறைந்த மாதிரி நின்றது. பானெட்டைத் திறந்தால் ஹோஸ் முனை எக்ஸாஸ்ட் கவசத்தின் மேல் கிடந்து கருகியிருக்கிறது. இருபது ரூபாய் சாமானில் மிச்சம் பிடித்த லட்சணம். சிலிகான் ஹோஸ், ரெண்டு முனையிலும் கிளாம்பு, நீளம் எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது. ஆக்சுவேட்டருக்கான அழுத்த சிக்னலை த்ராட்டிலுக்குப் பின்னாலிருந்து எடுக்காதீர்கள், டர்போவின் கம்ப்ரெசர் வாயிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலரைக் கழற்றி வைத்த பிறகும் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் பூஸ்ட் தானாக ஏறுகிறது. எக்ஸாஸ்ட் மட்டும் பெரிதாக மாற்றினேன்.

பதில்: இது பூஸ்ட் கிரீப். வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் அந்த ஓட்டை வழியாகப் போக வேண்டிய புகை போக முடியவில்லை, மிச்சம் டர்பைனைச் சுழற்றுகிறது. எக்ஸாஸ்ட்டில் தடை குறைந்ததும் இது வெளியே தெரிகிறது. எத்தனை விலையில் கன்ட்ரோலர் வாங்கினாலும் தீராது. ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிய மூடி போட வேண்டும், இல்லையென்றால் வெளி வேஸ்ட்கேட். அதுவரை டிராக் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ டர்போ இன்ஜினுக்கு மேனுவல் கன்ட்ரோலர் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அதில் வேஸ்ட்கேட்டை அசைப்பது மின் மோட்டார், ஹோஸே கிடையாது. ரீமேப் ஒன்றுதான் வழி.

கேள்வி: 'புஷ்ஷ்' சத்தத்துக்கு, காலை எடுக்கும்போது மிச்சக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வு போடலாமா?

பதில்: உங்கள் காரில் ஏர்ஃப்ளோ மீட்டர் (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) இருந்தால் வேண்டாம். அளந்த காற்றை வெளியே விட்டால் இசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும், கியர் மாற்றும்போதெல்லாம் கரும்புகை. சத்தம்தான் வேண்டுமென்றால் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், காற்றை உள்ளேயே திருப்பிவிடும் வால்விலும் ஓரளவு கேட்கும்.