இடிக் கடவுளும் மெட்டல் இசையும்: வாசகர் கேள்வி – பதில்

வடஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிப் போர்வீரர்களான வைக்கிங்குகளின் புராணங்களைப் பாடும் மெட்டல் (கனத்த ராக் இசை) குழுக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: அமோன் அமார்த் என்ற சுவீடன் நாட்டுக் குழுவின் பாடல்களை என் மகன் ஓயாமல் கேட்கிறான். எனக்கு உறுமல் மட்டுமே காதில் விழுகிறது. அதற்குள் பழைய புராணக் கதைகள் இருப்பதாக அவன் சொல்வது உண்மைதானா? – பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

உண்மைதான். கதையை மட்டுமன்றி, அந்தக் கதையைச் சொன்ன பழங்கவிதையின் சொற்களையும் அவர்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமுக்குத் தென்மேற்கில் உள்ள தும்பா என்ற ஊரில் 1992இல் உருவான குழு இது. பாடகர் யோஹான் ஹெக்தான் பாடல் வரிகளையும் எழுதுகிறார். 2008இல் வெளிவந்த 'ட்வைலைட் ஆஃப் தி தண்டர் காட்' தொகுப்பின் தலைப்புப் பாடலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உலகம் அழியும் ரக்னரோக் நாளில், கடலுக்குள் உலகையே சுற்றி வளைத்துக் கிடக்கும் யோர்முங்காந்தர் என்ற பெரும் பாம்பை இடிக் கடவுளான தோர் எதிர்கொள்வதே அப்பாடலின் பொருள்.

இந்தக் காட்சியின் மூலம் 'வொலுஸ்பா' என்ற கவிதை. உலகத்தின் தோற்றம் முதல் அழிவு வரை ஒரு குறிசொல்லும் பெண் கடவுளரின் தலைவரான ஓடினுக்கு எடுத்துரைப்பதாக அமைந்த அந்தக் கவிதை, ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு தோல் சுவடியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டென்மார்க் அரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்ட அச்சுவடியை 1971இல் ஐஸ்லாந்து திரும்பப் பெற்றது. தோரின் கடைசிப் போரைச் சொல்லும் செய்யுளில் அவர் ஹ்லோதின் என்பவளின் மகன் என்றும், மனிதர் வாழும் மித்கார்த் உலகின் காவலர் என்றும் குறிக்கப்படுகிறார். ஹெக் எழுதிய பல்லவியில் தோரை விளிக்கும்போது இந்த இரண்டு அடைமொழிகளும் வருகின்றன. பிற்காலக் கதைப் புத்தகங்களையோ சித்திரக் கதைகளையோ மட்டும் படித்த ஒருவருக்கு ஹ்லோதின் என்ற பெயர் தெரிய வாய்ப்பில்லை. மூலக் கவிதையை அருகில் வைத்துக்கொண்டு எழுதியவரின் கையை இங்கே தெளிவாகக் காணலாம்.

அந்தக் கடைசிப் போரில் பாம்பைக் கொன்ற தோர், அதன் நஞ்சு ஏறியதால் ஒன்பது அடி நடந்து விழுந்து இறக்கிறார். பாடலோ அடி கொடுக்கும் சம்மட்டியோடு நின்றுவிடுகிறது; அந்த ஒன்பது அடிகளைச் சொல்வதில்லை. ஆனால் தலைப்பிலேயே 'ட்வைலைட்', அதாவது அந்தி, வந்துவிட்டதால், வெற்றியை முழங்கும் பல்லவி முழுவதும் சாவை நோக்கிச் செல்பவருக்கான வழியனுப்பலாகவும் ஒலிக்கிறது. பாடலாசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதிலும் அவருடைய திறமை இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: இத்தகைய பாடல்களில் இசை முதலில் பிறக்கிறதா, கதை முதலில் பிறக்கிறதா? – இசைக் கல்லூரி மாணவர், சென்னை

மெட்டல் குழுக்கள் பெரும்பாலானவற்றில் கிதாரில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் என்ற சிறு இசைத்துணுக்குத்தான் முதலில் பிறக்கும். அமோன் அமார்த்திலும் ஒலாவி மிக்கோனன், யோஹான் சோடர்பெர்க் ஆகிய இரு கிதார் கலைஞர்களின் ரிஃப்கள்தாம் பாடலின் எலும்புக்கூடு. 2016இல் வெளியான 'யோம்ஸ்வைக்கிங்' தொகுப்பில் மட்டும் நிலைமை வேறு. அதில் ஹெக் புனைந்த ஒரு முழுக் கதையே அடித்தளம். தான் விரும்பிய பெண்ணுக்கு வேறொருவருடன் திருமணம் நடக்கவிருக்கையில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிய இளைஞன், யோம்ஸ்வைக்கிங் என்ற கூலிப் போர்வீரர் கூட்டத்தில் சேர்ந்து, பழிதீர்க்கத் திரும்பி வருகிறான். அவன் தேடி வந்த பெண் அவனை ஏற்க மறுக்கிறாள். அந்த மறுப்பைப் பாடுவதற்கு ஜெர்மானியப் பாடகி டோரோ பெஷ்ஷை அழைத்தார்கள். அவருடைய தெளிந்த குரல் ஹெக்கின் உறுமலுக்கு எதிரே நிற்கும்போது, இருவருக்கும் இடையில் கடந்துபோன ஆண்டுகள் நமக்கே புலப்படுகின்றன.

உறுமல் குரலில் சுரங்கள் இறங்கி ஏற முடியாது. ஆகவே இன்னிசையைக் கிதார்கள் சுமக்க வேண்டும். குரலுக்கு எஞ்சுவது அழுத்தமும் தாளமும்தான். வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்ஸில் அமைந்த கவிதையின் யாப்பும் அழுத்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஓர் அடியில் நான்கு சொற்கள் அழுத்தம் பெறும். அவற்றில் இரண்டோ மூன்றோ மோனையால் பிணைக்கப்படும். முதலெழுத்தில் ஓங்கி விழும் இந்த யாப்பு, மெய்யெழுத்துகளை வெடித்துச் சொல்லும் உறுமல் குரலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இனிய குரலில் பாடினால் இக்கதைகள் இந்த அளவுக்கு நிற்குமா என்பது எனக்கு ஐயமே.

கேள்வி: இந்த வகையைத் தொடங்கி வைத்தவர் யார்? – வாசகர், யாழ்ப்பாணம்

ராக் இசையில் வைக்கிங்குகள் தோன்றியது 1970இல். அவ்வாண்டு ஜூனில் ரெய்க்யவிக் நகரில் நிகழ்ச்சி நடத்திவிட்டு வந்த லெட் செப்பலின் குழு 'இம்மிகிரன்ட் சாங்' பாடலை எழுதியது. ஆனால் அது ஒரு பாடலோடு முடிந்தது. அதை ஓர் இசை வகையாகவே வளர்த்தெடுத்த பெருமை, ஸ்டாக்ஹோமின் பாத்தரி குழுவை நடத்திய குவார்தன் என்ற கலைஞருக்கே உரியது. சாத்தான், நரகம் என்று பாடிக்கொண்டிருந்த அவர், சாத்தானும் கிறித்தவ மரபிலிருந்து வந்த உருவமே என்பதை உணர்ந்து, தம் மண்ணின் பழைய நம்பிக்கைகளை நோக்கித் திரும்பினார். 1988இல் வந்த 'பிளட் ஃபயர் டெத்' அந்தத் திருப்பத்தின் தொடக்கம். அதன் அட்டையில் இருப்பது நார்வே ஓவியர் பீட்டர் நிக்கோலாய் ஆர்போ 1872இல் வரைந்த, வானில் பாய்ந்து செல்லும் வேட்டைப் படையின் ஓவியம்.

1990இல் வந்த 'ஹேமர்ஹார்ட்' தொகுப்பை இந்த வகையின் மூலநூல் என்றே சொல்லலாம். வேகத்தைக் குறைத்து, கூட்டுக் குரல்களைச் சேர்த்து, பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் பாடல்களை அவர் அமைத்தார். அதன் இறுதிப் பாடலான 'ஒன் ரோட் டு ஆசா பே' புதிய கடவுளின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கடலோர ஊருக்குக் குதிரையில் வருபவனையும், அந்த ஊர் மக்கள் புதிய கடவுளுக்கு ஆலயம் கட்டும் நிலைக்கு ஆளாவதையும் பாடுகிறது. வைக்கிங்கைத் தோற்றவனாக, தன் கடவுளை இழந்தவனாகப் பாடியதுதான் குவார்தன் செய்த பெரிய காரியம். வாளும் இரத்தமும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு எளிதாகவே கைவந்தன. இந்த இழப்புணர்ச்சி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. அவர் 2004இல், நாற்பது வயதை எட்டுவதற்கு முன்பே காலமானார்.

கேள்வி: எப்போதும் போர், வெற்றி, கொலை என்றே பாடுகிறார்களே, இவர்களுக்குத் துயரம் என்று ஒன்று கிடையாதா? – வாசகி, மதுரை

2006இல் வெளியான 'வித் ஓடன் ஆன் அவர் சைட்' தொகுப்பில் 'ரூன்ஸ் டு மை மெமரி' என்ற பாடலைக் கேளுங்கள். கிழக்கு நாட்டு ஆற்றொன்றில் படகில் செல்லும் வைக்கிங்குகள் தாக்கப்படுகிறார்கள். காயமுற்றுச் சாகும் ஒருவன், தன்னை மண்மேட்டில் புதைத்துத் தன் நினைவாக ரூன் என்ற பழைய வடபுல எழுத்துகள் பொறித்த கல்லை நாட்ட வேண்டும் என்று தோழர்களிடம் கேட்கிறான். அங்கே கடவுளரும் அரக்கரும் இல்லை. ஊர் திரும்ப முடியாத ஒருவனுடைய கடைசி வேண்டுகோள் மட்டுமே இருக்கிறது.

இந்தப் பாடலின் பின்னணி கற்பனையன்று. ஏறத்தாழ 1036இல் இங்வார் என்ற தலைவர் சுவீடனிலிருந்து பெரும் படையுடன் ஆற்று வழியாகக் கிழக்கே சென்றார். அந்தப் பயணத்தில் போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அவர்களுக்காக உறவினர் நாட்டிய ஏறத்தாழ 26 ரூன் கற்கள் நடு சுவீடனில் இன்றும் இருக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்றது கிரிப்ஸ்ஹோல்ம் கோட்டைக்கு அருகில் உள்ள கல். இங்வாரின் உடன்பிறந்தவரான தன் மகன் ஹரால்டின் நினைவாகத் தோலா என்ற தாய் இக்கல்லை நாட்டினாள் என்று அது தொடங்குகிறது. அதன்பின் உரைநடை திடீரென்று மோனை யாப்புக் கவிதையாக மாறுகிறது: அவர்கள் ஆண்மையோடு தொலைதூரம் பொன் தேடிச் சென்றார்கள், கிழக்கே கழுகுக்கு இரை தந்தார்கள், தெற்கே செர்க்லாந்தில் மாண்டார்கள். கழுகுக்கு இரை தருவது என்றால் போரில் பகைவரை வீழ்த்துவது. செர்க்லாந்து என்பது இசுலாமியர் ஆண்ட நாடுகளுக்கு வடபுலத்தார் வழங்கிய பெயர்.

உடல் கிடைக்காத மகனுக்காக, அவன் இறந்த திசையை மட்டும் அறிந்த ஒரு தாய் கவிஞரிடம் சொல்லி எழுதுவித்த அந்த மூன்று அடிகளில், மெட்டல் குழுக்கள் முப்பது ஆண்டுகளாகப் பாடிவரும் எல்லாமே அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது. கிரிப்ஸ்ஹோல்மும் தும்பாவும் ஒரே சோடர்மன்லாந்து மாகாணத்தில் இருக்கின்றன. புராணத்தைத் தேடி இந்தக் குழு ஐஸ்லாந்துச் சுவடி வரை போக வேண்டியிருந்தது. சாவின் நினைவைத் தேடி அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை.

2019இல் வந்த 'பெர்சர்க்கர்' தொகுப்பின் ஒரு பாடலும் இதே வகையைச் சேர்ந்தது. 1066 செப்டம்பர் 25 அன்று இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நடந்த போரில், பெயர் பதிவாகாத ஒரு நார்வே வீரன் பாலத்தைத் தனியொருவனாகக் காத்து நின்றான் என்றும், பாலத்துக்கு அடியிலிருந்து குத்தி அவனைக் கொன்றார்கள் என்றும் ஆங்கிலோ-சாக்சன் காலக்குறிப்பின் ஒரு சுவடியில் பின்னால் சேர்க்கப்பட்ட பகுதி கூறுகிறது. அந்தப் பெயரில்லாதவனின் குரலில் பாடல் அமைந்திருக்கிறது.

கேள்வி: தங்கள் பழங்கதைகளை ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள்? – வாசகர், சேலம்

எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. அமோன் அமார்த் ஆங்கிலத்தில் பாடுவது உலகெங்கும் உள்ள ரசிகர்களை எண்ணித்தான். நார்வேயின் என்ஸ்லேவ்ட் குழுவோ 1994இல் வந்த தன் முதல் முழுத் தொகுப்பைப் பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியில் பாடியது; பழைய நோர்ஸுக்கு இன்று மிக நெருக்கமாக வழங்கும் மொழிகளுள் ஒன்று அது. அந்த இளைஞர்கள் அப்போது பதின்ம வயதைக் கடந்து வந்துகொண்டிருந்தவர்கள்.

ஃபாரோ தீவுகளின் தூர் குழுவைத் தனியே பாராட்ட வேண்டும். அத்தீவுகளில் மக்கள் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டே, பக்க இசைக் கருவிகள் இல்லாமல் நீண்ட கதைப் பாடல்களைப் பாடும் மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் நடந்த ஸ்வோல்தர் கடற்போரையும் ஓலாவ் திரிக்வசோன் அரசரின் 'நெடும்பாம்பு' என்ற கப்பலையும் பற்றிய 'ஓர்முரின் லாங்கி' அவற்றுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் ஃபாரோ மொழியில் இயற்றப்பட்ட அப்பாடலைத் தூர் குழு 2002இல் கனத்த கிதார்களோடு பதிவு செய்தது. மற்றக் குழுக்கள் ஏட்டிலிருந்து எழுப்பிக்கொண்டுவந்ததை, இவர்கள் தங்கள் ஊர் ஆட்டக்களத்திலிருந்து நேரே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அதன் தாளத்தில் காலடிகளின் எடை இருக்கிறது.

கேள்வி: ரூன் எழுத்துகளும் தோரின் சம்மட்டியும் இனவெறியர்களின் சின்னங்கள் என்று படித்தேன். இந்தப் பாடல்களை மனச்சாட்சியோடு கேட்கலாமா? – ஆய்வு மாணவி, கொழும்பு

இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு நன்றி. நாஜிகளின் எஸ்.எஸ். படை ரூன் எழுத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்டது வரலாறு. 1992 ஜூனில் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து மெட்டலின் ஒரு பிரிவான பிளாக் மெட்டலின் நார்வே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் பல தேவாலயங்களுக்குத் தீ வைத்ததும், அவர்களில் சிலர் வெளிப்படையாக இனவெறி பேசியதும் மறுக்க முடியாதவை. ஆகவே ஒரு குழுவைக் கேட்கத் தொடங்குமுன் அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று விசாரிப்பது நியாயமானதே. தூர் குழு 2011இல் 'ஷேடோ ஆஃப் தி ஸ்வஸ்திகா' என்ற பாடலில் நாஜிகளின் பாவத்தைத் தங்கள் முன்னோர் மரபின்மீது சுமத்துவதை எதிர்த்து வெளிப்படையாகவே பேசியது.

இனத் தூய்மை பேசுபவர்களுக்கு மூலக் கவிதைகளே மறுப்பாக நிற்கின்றன. ஓடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலத்தவள். அரக்கனின் மகனான லோகி, ஓடினோடு இரத்தம் கலந்து உடன்பிறப்பு உறவு கொண்டவன். வரலாறும் அதையே காட்டுகிறது. சுவீடன் மண்ணில் பல்லாயிரக்கணக்கான அரபு வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. தும்பாவுக்கு வெகுதொலைவில் இல்லாத மேலாரன் ஏரியின் ஹெல்கோ தீவில், 6ஆம் நூற்றாண்டளவில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் சிறிய வெண்கலப் புத்தர் சிலை 1950களில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அது இப்போது ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு மக்களை வேலி போட்டு அடைத்துவைக்க முயல்பவர்கள் அவர்களுடைய கவிதையைப் படிக்காதவர்கள். பாடல்களைத் தாராளமாகக் கேளுங்கள். கூடவே கவிதையையும் படியுங்கள்.

கேள்வி: வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்தார்களா? – எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

அணிந்ததற்குச் சான்று இல்லை, தம்பி. 1943இல் நார்வேயின் யெர்முன்புவில் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கண்களைக் காக்கும் வளையம் இருக்கிறது, கொம்பு இல்லை. 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த டோப்ளர் என்பவர் பாத்திரங்களுக்குக் கொம்பு வைத்த பிறகே அந்த உருவம் உலகெங்கும் பரவியது. அமோன் அமார்த் நிகழ்ச்சிகளில் ஹெக் இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் கொம்பு, குடிப்பதற்கானது. அதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு.