அந்த மூன்றாம் அத்தியாயத்தை என்ன செய்வது?

கேள்வி: என் முதல் நாவலைப் பணம் கொடுத்து ஓர் எடிட்டரிடம் படிக்கக் கொடுத்தேன். 11 பக்கத்துக்குக் குறிப்புகள் அனுப்பியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த மூன்றாம் அத்தியாயத்தையே நீக்கச் சொல்கிறார். சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றிவிடவா, என் மனம் சொல்வதைக் கேட்கவா?
– ஒரு வாசகி

பதில்: இன்றைக்கு எதையும் மாற்றாதீர்கள். எடிட்டருக்குப் பதிலும் எழுத வேண்டாம். குறிப்புகளை முழுதாக ஒரு தடவை படித்துவிட்டு ஒரு வாரம் எடுத்து வையுங்கள். முதல் வாசிப்பில் வலிக்கிற வரிகள்தான் கண்ணில் படும். எங்காவது பாராட்டியிருந்தாலும் மனதில் ஏறாது.

அப்புறம் உட்காரும்போது ஒவ்வொரு குறிப்பையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எந்த இடத்தில் அவருக்குத் தடுக்கியது என்பது ஒன்று, அதற்கு அவர் சொல்லும் தீர்வு இன்னொன்று. தடுக்கியதை நம்புங்கள். படித்தவருக்கு அலுப்புத் தட்டியிருந்தால், தட்டவில்லை என்று நாம் வாதாட முடியாது. தீர்வை மட்டும் அவரைவிட நீங்கள் நன்றாகக் கண்டுபிடிக்கலாம். மூன்றாம் அத்தியாயத்தில் கதை நின்றுபோனதாக அவருக்குத் தோன்றியிருக்கும். காரணம் இரண்டாம் அத்தியாயத்தில்கூட இருக்கலாம். அங்கே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி விட்டுப்போயிருக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் கைப்பிரதியைப் படித்த எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ், கதையின் நாயகன் கேட்ஸ்பி மங்கலாகத் தெரிகிறான் என்று 1924 நவம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எழுதினார். அவன் எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தனக்கே தெரிந்திருக்கவில்லை என்று ஃபிட்ஸ்ஜெரால்டு ஒப்புக்கொண்டார். அச்சுக்கு முன் பிழை பார்க்க வந்த புரூஃபிலேயே நிறையத் திருத்தி எழுதினார். 1925 ஏப்ரலில் நாவல் வந்தது. பெர்கின்ஸ் கண்டது மங்கலைத்தான். அதன் காரணம் எழுதியவருக்குள் இருந்தது.

எடிட்டரிடம் சந்தேகம் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் 'ஏன் நீக்கச் சொல்கிறீர்கள்?' என்று ஆரம்பித்தால் விவாதமாகிவிடும். 'எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது? அப்போது அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். திருத்திய பிரதியை மறுபடி படிக்கச் சொல்வது வேறு வேலை, அதற்குக் கட்டணம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த அத்தியாயம். அதைத் தனி ஃபைலில் பத்திரமாகச் சேமித்துவிட்டு, இரண்டிலிருந்து நேராக நான்குக்குப் போய் வாசித்துப் பாருங்கள். 'இது எப்படி நடந்தது?' என்று எங்கே தோன்றுகிறதோ, அங்கே தேவைப்படுவதை மட்டும் எழுதுங்கள். எழுத எழுத அது ஒரு முழு அத்தியாயமாகவே வளர்ந்தால் அத்தியாயம் இருக்கட்டும். இரண்டே பத்தியில் முடிந்துவிட்டால், சொல்ல எனக்கும் வருத்தம்தான், அந்த இரண்டு பத்தி போதும்.