பலபொருள் ஒருசொல்: ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதா?

கேள்வி: ஆங்கிலத்தில் நீளமான, கடினமான சொற்களை ஓரளவு கற்றுக்கொண்டேன். ஆனால் செட், ரன், கெட், டேக் போன்ற சின்னஞ்சிறு சொற்கள் ஒவ்வொரு வரியிலும் காலை வாருகின்றன. செட் என்ற ஒரு சொல்லுக்கே நானூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றனவாம். தமிழில் உள்ளதுபோல ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்கு இல்லாத இந்த மொழியின் பொருள்களை எப்படித்தான் மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் செய்ய வேண்டாம், செய்யவும் முடியாது. அதற்கு முன், தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்ற உங்கள் நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்வியில் மூன்று முறை வந்துள்ள ‘பொருள்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் அர்த்தமும் பொருள், கையில் எடுக்கும் பண்டமும் பொருள், செல்வமும் பொருள், மதிக்கத்தக்கதும் பொருள். ‘பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள்’ என்று வள்ளுவர் ஒரே குறளில் அந்தச் சொல்லை நான்கு முறை ஆண்டபோது, அதன் பல பொருள்கள் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. கவிதையின் ஆற்றலே அங்கிருந்துதான் பிறந்தது. நம் நிகண்டு ஆசிரியர்களும் இதனைக் குறையாகக் கருதவில்லை. சூடாமணி நிகண்டில் ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி’ என்று இதற்கெனத் தனித்தொகுதியே இருக்கிறது.

உங்களை அச்சுறுத்திய எண்ணிக்கை உண்மைதான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, செட் என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்களைக் காட்டியது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் ரன் என்ற வினைச்சொல் 645 பொருள்களோடு அதனை முந்திவிட்டது. ஆனால் அது வரலாற்று அகராதி என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். பல நூற்றாண்டுகளுக்கு முன் வழக்கொழிந்த பொருள்களும், வேறு சொற்களோடு சேர்ந்து அமையும் தொடர்களும் அந்தக் கணக்கில் அடங்கும். மேலும், அது பொருள்களை வரிசைப்படுத்துவது பழமை பற்றியே ஒழிய, பயன்பாடு பற்றி அன்று. அதில் முதலாவதாக உள்ள பொருளை முதன்மையான பொருள் என்று எண்ணிக் கற்கத் தொடங்குபவர், இன்று எவரும் பேசாத ஆங்கிலத்தைக் கற்க நேரிடும்.

இனி ரன் என்ற சொல்லைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மனிதன் ஓடுவதற்கும், குழாயில் நீர் வருவதற்கும், இயந்திரம் இயங்குவதற்கும், துணியின் சாயம் கரைந்து பரவுவதற்கும், ஒருவர் தொழில் நடத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தேர்தலில் பிரிட்டிஷார் நம்மைப் போல ‘நிற்கிறார்கள்’, அமெரிக்கர்கள் ‘ஓடுகிறார்கள்’. இவற்றையெல்லாம் தனித்தனியே எண்ணினால் தலை சுற்றும். தடையின்றி முன்செல்லுதல் என்ற ஒரு கருத்து எல்லாவற்றிலும் ஊடாடுவதைக் கண்டுகொண்டால், புதிதாக வரும் ஏழாவது பொருளையும் அகராதியின் துணையின்றி ஊகிக்க முடியும். தமிழில் கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, குடும்பம் ஓடுகிறது என்று சொல்லும்போது நாம் செய்வதும் இதுவே. ஆனால் கூரை ஓடும் ஆமை ஓடும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அங்கே ஒலி மட்டுமே ஒன்று, சொல் வேறு.

இந்த வேறுபாட்டை ஆங்கிலத்திலும் அறிந்து வைத்திருப்பது நல்லது. விளையாட்டு மட்டையும் வௌவாலும் பேட் என்றே வழங்கினாலும், அவை வேறு வேறு மூலங்களிலிருந்து வந்து ஒலியால் ஒன்றானவை. அனுமதித்தலைக் குறிக்கும் லெட்டும், டென்னிஸில் ஆட்டத்தைத் தொடங்க அடிக்கும் பந்து (சர்வ்) வலையை உரசிச் சென்றால் நடுவர் அறிவிக்கும் லெட்டும் அப்படியே. பின்னது தடுத்தல் என்ற பழைய வினையிலிருந்து வந்தது. இத்தகைய சொற்களிடையே உறவு தேடி மூளையை வருத்த வேண்டியதில்லை. இரண்டு சொற்களாகவே கொள்ளலாம். ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அப்படி ஒதுக்கிவிடவும் கூடாது. ஃபாஸ்ட் என்பது விரைவையும் குறிக்கிறது, சாயம் போகாத உறுதியையும் குறிக்கிறது, உண்ணாநோன்பையும் குறிக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும் இம்மூன்றுக்கும் ‘உறுதி’ என்பதே அடிப்படை: உறுதியாக நின்று கடைப்பிடிப்பது நோன்பாயிற்று, ஊன்றி, விடாமல் ஓடுவது விரைவாயிற்று. நம் நோன்பும், வலிமையையும் பொறுமையையும் குறிக்கும் நோன்மையும் ஒரு வேரின் கிளைகளே என்பதை எண்ணும்போது, தொடர்பில்லாத இரு மொழிகளில் மனித மனம் ஒரே வழியில் நடந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நீளமான சொற்கள் வசப்பட்டு, குறுஞ்சொற்கள் நழுவுவதற்கும் காரணம் உண்டு. அடிக்கடி வழங்கும் சொல்லுக்கே பொருள்கள் மிகுதி என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945இல் கணக்கிட்டுக் காட்டினார். நாவில் எப்போதும் தயாராக உள்ள சொல்லையே மக்கள் புதுத் தேவைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரஜன் என்ற சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1930இல் ஆங்கிலேய மொழியியலாளர் சி. கே. ஆக்டன், 18 வினைகள் உட்பட 850 சொற்கள் மட்டுமே கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற சுருக்க மொழியை வகுத்தபோது, நீக்கப்பட்ட வினைகளின் சுமையெல்லாம் கிவ், கெட், புட் போன்ற குறுஞ்சொற்களின் தலையில்தான் ஏறியது. கிவ் என்பதோடு அப் சேர்ந்தால் கொடுப்பது போய்க் கைவிடுவது வந்துவிடுகிறது என்று நாம் மலைக்கிறோம். ‘சாப்பிட்டுப் பார்’ என்ற தொடரில் கண்ணுக்கு என்ன வேலை என்று தமிழ் கற்கும் அயலாரும் அதே அளவு மலைப்பார்கள்.

ஆகவே, குறை ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலச் சொல் இடப்பக்கம், தமிழ்ச் சொல் வலப்பக்கம் என்று கோடிட்டு எழுதும் குறிப்பேட்டில் இருக்கிறது. பலபொருள் ஒருசொல் எதனால் தெளிவுபெறும் என்பதற்குத் தொல்காப்பியர் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ என்று மூன்று வழிகளைச் சொன்னார். மா என்பது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் வினையால் மரம் என்று தெரிகிறது. ‘மாவும் மருதும்’ என்றால் இனத்தால் தெரிகிறது. எஞ்சியதைச் சூழல் தெளிவாக்குகிறது. ‘காலை வாருகின்றன’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, காலை என்பது பொழுதா, உறுப்பா என்று நான் ஒரு கணமும் தயங்கவில்லை. வாருதல் என்ற வினை ஐயத்தைத் தீர்த்துவிட்டது. ஆங்கிலத்துக்கும் இந்த மூன்று வழிகளே போதும். இனிக் குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதி, பொருளைத் தெளிவாக்கிய பக்கத்துச் சொல்லின் கீழ்க் கோடிடுங்கள். அதே சொல் இன்னொரு வாக்கியத்தில் வரும்போது முன்னதன் அருகிலேயே அதனையும் எழுதுங்கள். மூன்று வழிகளாலும் தெளிவாகாமல் ஒரு வாக்கியம் நின்றால், உங்கள் அறிவை நொந்துகொள்ள வேண்டாம். ‘மா வீழ்ந்தது’ என்பதுபோல வினையால் வேறுபடாத இடத்தில், தான் கருதியதைத் தெரித்துச் சொல்வது சொல்பவரின் கடமை என்பதும் தொல்காப்பியர் வகுத்த இலக்கணமே. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கும் அந்தக் கடமை உண்டு.