மாடியில் தனியாக மேட்ச் பார்த்த மகன்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். இங்கிலாந்து கால்பந்து அணி என்றால் எனக்கு உயிர். 2021-ல் யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதிப் போட்டியில் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றோம். கடைசி பெனால்டியை எங்கள் இளம் வீரர் சாகா கோட்டைவிட்டபோது நான் கத்திய கத்தில் பக்கத்து வீடே எழுந்திருக்கும். 2024-ல் பெர்லினில் ஸ்பெயினிடம் 2-1 என்று மறுபடியும் தோல்வி. தூக்கமே போய்விட்டது. சென்ற முறை என்னோடு உட்கார்ந்து பார்த்த மகன்கூட (வயது 14) இம்முறை மாடியில் தனியாகப் பார்த்தான். எப்படி மீள்வது?

பதில்: இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதத்தில், ஸ்பெயின் வீரர் ஓயர்சபால் 86-வது நிமிடத்தில் அடித்த கோலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு ஒரே வரி. என் கண் அந்த வரியைத் தாண்டவில்லை.

வீட்டில் அப்பா டிவி முன்னால் இருக்க, பையன் ஏன் மாடிக்குப் போனான்? காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அன்று கத்தினீர்களே, என்ன கத்தினீர்கள் என்று எழுதவில்லை. எழுதக் கை கூசியிருக்கும். சாகாவுக்கு அப்போது 19 வயது. உங்கள் பக்கத்தில் இருந்தவனுக்கு 11. தவறவிட்டால் அப்பா இப்படித்தான் பேசுவார் என்று அவன் அன்றைக்கே தெரிந்துகொண்டான். அன்று இரவே, பெனால்டியைத் தவறவிட்ட கறுப்பின வீரர்களான ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவர் மேலும் இனவெறி வசைகள் கொட்டின. நீங்கள் நிறத்தைச் சொல்லியிருக்க மாட்டீர்கள், சரி. ஆனால் அந்த ஊரில் வளரும் நம் நிறத்துப் பிள்ளை, இரண்டு கூச்சலையும் பிரித்துப் பார்த்திருப்பானா?

அணியின் அப்போதைய பயிற்சியாளர் சவுத்கேட் என்ன செய்தார்? 1996 யூரோ அரையிறுதியில், பழைய வெம்ப்ளி மைதானத்தில், ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். 2021-ல் அன்று நேராகப் போய் சாகாவைக் கட்டிக்கொண்டார். யார் அடிப்பது என்று முடிவெடுத்தது நான், பொறுப்பும் என்னுடையது என்றார். பெற்றவன் செய்ய வேண்டிய வேலை அது. தோற்றுவிட்டு வரும் பிள்ளைக்கு இடம் இல்லையென்றால் அது என்ன வீடு?

அதே சாகா, 2024 காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் பெனால்டியை உள்ளே அடித்தார். அதையாவது இருவரும் சேர்ந்து பார்த்தீர்களா?

தூக்கத்துக்கு வழி கேட்டீர்கள். அதைப் பற்றி இப்போது பேச மாட்டேன். இன்றைக்கே மாடி ஏறுங்கள். “அன்றைக்கு நான் பேசியது தப்பு” என்று அவனிடம் சொல்லுங்கள். அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தயங்காதீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவன் பதில் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உடனே கீழே இறங்கிவிடாதீர்கள்.