சென்னையில் ஒரே ஒரு நாள் இருந்தால், அரிய வலசைப் பறவைகளைப் பார்க்க எங்கே போகலாம்?

பழவேற்காடு ஏரி. யோசிக்கவே வேண்டாம். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே கும்மிடிப்பூண்டி ரயிலேறி பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. பைனாகுலர், தொப்பி, தண்ணீர் போதும்.

பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததும் பலர் மனநிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும். ஏரி கடலைச் சந்திக்கும் முகத்துவாரப் பக்கம் போகாமல் வராதீர்கள். படகு போக அன்று அனுமதி உண்டா என்று மீனவ அண்ணன்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே மணல்திட்டில் ஆய்ஸ்டர்கேட்சர் என்ற பறவை பார்க்கக் கிடைக்கும். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, கேரட் நிறத்தில் நீண்ட அலகு. ஈர மணலுக்குள் அந்த அலகை இறக்கித் துழாவி, சிப்பி அகப்பட்டதும் அலகை இடுக்கில் நுழைத்துச் சதையைப் பிய்த்தெடுக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம்.

அப்புறம், அரிய பறவை தனியாக வந்து நிற்காது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சாதாரணக் கரையோரப் பறவைகளின் கூட்டத்துக்குள்தான் இருக்கும். இடம் மாறி மாறி அலையாமல், வெயில் முதுகில் விழும்படி நின்று, கூட்டத்தை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீண்ட அலகுள்ள கருவால் மூக்கன்கள் நடுவே ஒன்றின் அலகு நுனி மட்டும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கிறதா? பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை இல்லையா? சரி, அது பட்டைவால் மூக்கன். 2022இல் அந்த இனத்துப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்தது. செயற்கைக்கோள் கருவியில் பதிவான கணக்கு அது. 11 நாள், நடுவில் இரையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். போட்டோவுக்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடாதீர்கள். கொசு உள்ளான் 30 கிராம்கூட இருக்காது. கோடை வருவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்தால்தான் அது ஆர்க்டிக் வரை திரும்பிப் போக முடியும். நாம் எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. பறவைகள் தலையைத் தூக்கி நம்மையே பார்க்க ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

படகு கிடைக்காவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் கழிமுகம் போகலாம். பார்த்ததையெல்லாம் பறவைப் பதிவு இணையதளமான இ-பேர்டில் பதியுங்கள். ஜனவரியில் பொங்கலையொட்டிய கணக்கெடுப்பு நாட்களில் போனால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அது சேரும்.