ஆஸ்திரேலியச் சிறு பதிப்பகங்களின் கவிதை, கட்டுரை நூல்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

கதை, நாவல் வேண்டாம், ஆஸ்திரேலியாவின் சிறிய பதிப்பகம் எதிலாவது வந்த கவிதையும் கட்டுரை நூல்களும் படிக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் மாகபாலா புக்ஸ். எனக்கு மிகவும் பிடித்த பதிப்பகம் இது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ப்ரூம் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. பெர்த்திலிருந்து சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கு மேல். 1984-ல் கிம்பர்லி பகுதியின் பூர்வகுடிப் பெரியவர்கள் ஒன்றுகூடி, நம் கதைகளை நாமே காப்பாற்ற வேண்டும் என்று பேசியதில்தான் இதற்கு வித்து விழுந்தது. முதல் புத்தகம் 1987-ல் வந்தது. மாகபாலா என்பது அங்கே வளரும் ஒரு கொடியின் பெயர், நம் எருக்கஞ்செடியின் குடும்பம். சின்ன வயதில் எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத் துரத்திப் பிடித்து ஊதிவிட்டிருப்போமே, அதேபோல இதன் விதையும் பஞ்சோடு காற்றில் போகும். பதிப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

முதலில் பூர்வகுடிக் கவிஞர் அலி காபி எக்கர்மனின் 'ரூபி மூன்லைட்' படியுங்கள். 2012-ல் வந்தது. சின்னச் சின்னக் கவிதைகளாகச் செல்லும் ஒரே நீண்ட கதை. நாவல் வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் இதைக் கவிதைக் கணக்கில்தான் வைக்க வேண்டும். காலம் 1880 வாக்கில், இடம் தெற்கு ஆஸ்திரேலியா. தன் கூட்டம் முழுவதும் வெள்ளையரால் கொல்லப்பட்டபின் தனித்து நிற்கும் ஒரு பெண், தோலுக்காக விலங்கு பிடிக்கும் ஐரிஷ்காரன் ஒருவனைச் சந்திக்கிறாள். அவள் இனத்துச் சட்டமும் அந்த உறவை ஏற்காது, வெள்ளையர் சட்டமும் ஏற்காது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று இரவு எட்டு மணிக்கு எடுத்தேன். முடியவில்லை. வரிகள் எளிமையானவைதான். ஆனால் படுகொலையைச் சொல்லும் இடத்தில் சொற்கள் அவ்வளவு குறைவு. பக்கத்தில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படிக் கொல்லப்பட்டவர்களில் பலருடைய பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கவிதைதான் அந்த இடத்தில் போய் நிற்கிறது.

எக்கர்மனின் வாழ்க்கையும் அதே வரலாற்றுக்குள் சிக்கியதுதான். குழந்தையிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு குடும்பத்தில் வளர்ந்தவர், பெற்ற தாயை 34 வயதில்தான் கண்டுபிடித்தார். 2017-ல் அமெரிக்காவின் விண்டம்-கேம்பல் பரிசு, 1,65,000 டாலர், கிடைத்தபோது வேலையில்லாமல் ஒரு கேரவனில் வசித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு சந்தோஷம். 2023-ல் இதே பதிப்பகத்தில் அவருடைய 'ஷி இஸ் தி எர்த்' வந்தது.

அப்புறம் அலிசன் விட்டேக்கரின் 'பிளாக்வொர்க்' (2018). இவர் சட்டம் படித்தவர். வெள்ளையர் வந்தபோது நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற பழைய பொய்யை 1992-ல் உடைத்தது ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் மாபோ தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் சொற்களையே எடுத்து ஒரு கவிதை கட்டியிருக்கிறார். கொஞ்சம் கடினமான புத்தகம், இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை நூல் என்றால் ப்ரூஸ் பாஸ்கோவின் 'டார்க் ஈமு' (2014). பூர்வகுடிகள் வேட்டையாடி அலைந்தவர்கள் மட்டுமல்ல, விதைத்து அறுத்துச் சேமித்தவர்களும்கூட என்று வாதாடுகிறது. அதற்குச் சான்று, நிலம் பிடிக்க வழி தேடிப் போன வெள்ளையர்களின் நாட்குறிப்புகளே. 1830-களில் தாமஸ் மிச்சல் என்ற நில அளவையாளர், பூர்வகுடிகள் புல்லைப் பிடுங்கி மைல் கணக்கில் போர்போராகக் குவித்து வைத்திருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தப் புல் நம் சாமைக்கு உறவு என்று தெரிந்ததும் எனக்கு அந்தக் காட்சி சட்டென்று கண்முன் வந்துவிட்டது. ஆனால் இந்த நூலை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். மானுடவியலாளர் பீட்டர் சட்டனும் தொல்லியலாளர் கெரின் வால்ஷும் 2021-ல் இதை மறுத்து ஒரு முழு நூலே எழுதினார்கள். பாஸ்கோ சான்றுகளை மிகைப்படுத்திவிட்டார் என்பது அவர்கள் வாதம். பல இடங்களில் அவர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே பட்டது. ஆனாலும் லட்சக்கணக்கானோரைத் தங்கள் மண்ணைத் திரும்பிப் பார்க்க வைத்தது பாஸ்கோவின் நூல்தான்.

அச்சுப் பிரதிக்குத் தபால் செலவு அதிகம். மின்னூல் கிடைத்தால் கட்டுரை நூலை அதில் படியுங்கள், 'ரூபி மூன்லைட்'டை மட்டும் எப்படியாவது காகிதத்தில் வாங்குங்கள். அந்த வெற்றிடங்கள் போன் திரையில் தெரியாது.